ஊருக்குச் சொல்லாமல் நிறுத்திய ஆள்

கல்முனைக் கடைத்தெருவில் எனக்கும் உங்கள் பெரிய மாமாவுக்கும் ஒரு சாரன் கடை இருந்தது என்பதை உம்மாவின் வாயால் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். அது ஏன் மூடப்பட்டது என்று மூத்தவன் போன பெருநாளன்று என்னிடம் கேட்டான். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டேன். இப்போது அவனே ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து கடை போடப் போகிறானாம். எழுத்துக்கிழுத்து ஒன்றும் வேண்டாம், அவன் எனக்குக் கூடப்பிறக்காத தம்பி என்கிறானாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நேரில் சொல்ல வராது, எழுதிவிடுகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்லன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறி. நாங்கள் நூல் வாங்கி நெசவு வீடுகளுக்குக் கொடுப்போம். அவர்கள் இடுப்பில் உடுக்கும் சாரனாக நெய்து தருவார்கள். கூலியைக் கொடுத்துவிட்டு அந்தச் சாரனைக் கடையிலும் வெளியூர்க் கடைகளுக்கும் விற்போம். முதல் போட்டவர் மாமா. அவருக்குச் சவளக்கடைப் பக்கத்து வட்டையில் நல்ல நீர்ப்பாய்ச்சலுள்ள வயல் ஒன்று இருந்தது. நான் போட்டது உழைப்பு. ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

கடைக்குப் பலகை எழுத வந்தவர்தான் முதலில் சொன்னார், பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் ஒரு பங்கு உறுதி எழுதிக்கொள்ளுங்கள் என்று. மாமா சிரித்துவிட்டார்.

"என்ட தங்கச்சிட புருசனுக்கும் எனக்கும் நடுவுல நொத்தாரிஸ் என்னத்துக்கு? மறுகா ஒண்டா இருந்து சோறு தின்னவும் முத்திரை ஒட்டச் சொல்லுவீங்க போல."

எனக்கும் கேட்க வெட்கம். மச்சானிடம் கையெழுத்துக் கேட்டால் மச்சானை நம்பவில்லை என்றல்லவா ஆகும்? பலகையில் எங்கள் இருவரின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னோம். அதுதான் எங்கள் உறுதி. கடைப் பெயரை அரசாங்கக் கச்சேரியில் பதிய வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போவது. கலியாணம் முடித்து நான் வந்து இருந்தது உங்கள் உம்மாவின் வீட்டில். அன்றைக்கு என் பெயரில் இருந்த சொத்து ஒரு சைக்கிள்.

வெளியூர்களுக்குச் சாரன் கொண்டுபோய் விற்க ஒருவரைப் பிடித்தோம். என்னைவிட மூத்தவர். நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். நற்பிட்டிமுனையிலிருந்து பொத்துவில் வரை எந்தக் கடைக்காரருக்கும் அவரைத் தெரியும். அவர் கையில் ஒரு மாதிரிக் கட்டு இருக்கும். எங்கள் ஒவ்வொரு சாரனிலும் ஒரு சாண் துண்டு வெட்டி, ஒரு பக்கத்து விளிம்பில் சேர்த்துத் தைத்தது. கடைக்காரர் அதை ஏடு புரட்டுவது போலப் புரட்டிப் பார்த்து, இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு என்பார். ஆனால் காக்கா போனவுடன் கட்டை அவிழ்க்கமாட்டார். கடைக்காரரின் மகனுக்குக் காய்ச்சல் விட்டதா, மாடு கன்று போட்டதா என்று எல்லாம் விசாரித்து, கடைக்காரரே "எங்க காக்கா, கட்ட அவுருங்க பார்ப்பம்" என்று சொல்லும்வரை இருப்பார். அவரை எல்லோரும் எங்கள் கடையின் ஆள் என்றே சொன்னார்கள். நாங்களும் "நம்மட ஆள்" என்றுதான் சொன்னோம்.

அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்றதில் ஒரு பங்கும் பஸ் கூலியும். அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. ஓடர் எடுத்தார், காசு வாங்கினார். திரும்பி வரும்போது அக்கரைப்பற்று நூல் முதலாளியிடம் எங்கள் கணக்கில் நூல் எடுத்து வந்தார். நூல் எடுக்கச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ஒரு முறை இங்கே நூல் முடிந்திருக்கும் என்று அவராகவே நினைத்து எடுத்து வந்தார். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று, காசைக் கொடுத்தோம். அடுத்த முறையும் எடுத்தார், கொடுத்தோம். அப்படியே வழக்கமாகிவிட்டது. அவர் போய் நின்றால் நூல் முதலாளி எங்களிடம் கேட்பதே இல்லை. கேட்க அவருக்கு என்ன தேவை? எடுத்த நூலுக்கெல்லாம் தவறாமல் காசு வந்துகொண்டிருந்ததே.

ஒரு நாள் பொத்துவில் கடைக்காரர் ஏதோ வேலையாகக் கல்முனைக்கு வந்தவர் எங்கள் கடைக்கும் வந்தார். பழைய பாக்கியைப் பற்றி நான் மெதுவாகக் கேட்டேன். அவர் திகைத்துப்போனார். "ஒங்கட ஆள்ட்ட எப்பயோ குடுத்திட்டனே," என்றார். நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா சமாளித்து, "ஓம் ஓம், மச்சானுக்கு ஞாபகமில்ல," என்று அவருக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காக்கா வந்து மாதிரிக் கட்டை மேசைப் பலகையில் வைத்ததும் நான் கேட்டேன்.

"பொத்துவில் கடைக்காரர் காசி தந்திட்டாராமே காக்கா?"

அவர் மறுக்கவில்லை. "தந்திட்டார் தம்பி. ஓட்டுக்குக் குடுத்திட்டன்."

"எந்த ஓட்டுக்கு?"

"மகள்ட வீட்டுக்கு. மாப்புள்ள வீட்டார் வந்து பார்க்கக்குள்ள கூரையில்லாம இரிந்தா என்ன சொல்ற? வேளாண்ம வெட்டோட யாவாரம் வரும், வெச்சிரலாம் எண்டு நினைச்ச."

மாமா காசு லாச்சியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "கேட்டிரிந்தா நானே தந்திரிப்பன்."

"கேக்க வெக்கமா இரிந்திச்சி."

"கேக்கிறதுக்கு வெக்கம், எடுக்கிறதுக்கு வெக்கமில்லயா காக்கா?"

பிறகு மாமா முடிவாகச் சொன்னார், இனிமேல் எங்களுக்காகப் போகத் தேவையில்லை, காசு தொடத் தேவையில்லை, எடுத்ததை ஆறுதலாகத் தந்தால் போதும் என்று. காக்கா "ஓம்" என்றார். எங்களிடம் அவர் செய்த வேலை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. அது முடிந்தது எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

படியிறங்கப் போனவர் திரும்பினார்.

"ஒண்டே ஒண்டு கேக்கன். மகள்ட காவின் முடியுமட்டும் இத வெளிய விட்டிராதீங்க. மாப்புள்ளட வாப்பா என்னப் பார்த்துச் சம்மதிக்கல்ல. இந்தக் கடையப் பார்த்துத்தான் சம்மதிச்ச."

"எங்கட வாயால வராது," என்றார் மாமா உடனே. நானும் தலையாட்டினேன். ஒருவரின் குறையை மூடிவைப்பது நன்மை என்று பள்ளிவாசலில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதிலும் ஒரு பெண்பிள்ளையின் காரியம். அந்த நேரம் எனக்கு மனம் நிறைந்துதான் இருந்தது. நல்லதொன்றைச் செய்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மாதிரிக் கட்டு பலகையில் கிடந்தது. நான் அதை எடுத்து உள்ளே வைக்கக் கையை நீட்டினேன். மாமா கண்ணால் தடுத்தார். காக்கா அதை எடுத்து வழக்கம் போலக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு மாமா சொன்னார்: "அது கையில இல்லாம வீட்ட போனா பொஞ்சாதி கேப்பா மச்சான். பொஞ்சாதி கேட்டா பக்கத்து வளவுக்கும் தெரியும்."

அதன் பிறகும் அவர் காலை பஸ்ஸில் ஏறித் தெற்கே போனார். வீட்டில் இருந்தால் சந்தேகம் வரும் என்று போகிறார் என நினைத்தோம். எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடம் என்று விட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கடையில் எப்போதும் போலக் கொஞ்ச நேரம் இருப்பார். யாராவது தெருவில் போகிறவர், "என்ன காக்கா, இந்தக் கிழம தெக்கால போகல்லயா?" என்று கேட்டால், அவர் வாய் திறக்கமுன் மாமா சொல்வார், "போவார், போவார். நம்மட ஆளுக்கு ஒரு நாள் இளைப்பாறக் குடாதா?" அவருக்காக மாமா சொன்ன அந்தப் பொய்களை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு தடவைகூட எனக்கு உறுத்தவில்லை.

கலியாணம் சிறப்பாகவே நடந்தது. ஓடு போட்ட புது வீடு, சுண்ணாம்பு வாசம் போகவில்லை. நம் வழக்கப்படி ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் வைத்தார்கள். எங்கள் சஹனில் மாமா, நான், பெண்ணின் இரண்டு உறவுக்காரர்கள். இன்னொருவர், அக்கரைப்பற்று நூல் முதலாளி. காக்காவின் அழைப்பில் அவரும் வந்திருந்தார். ஓரிடம் காலியாக இருந்தது. பந்திக்குப் பந்தி ஓடித் திரிந்த காக்காவை மாமா கையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"இரிங்க காக்கா. பொண்ணுட வாப்பாக்கும் பசிக்கும்தானே."

நூல் முதலாளி கேலிக்காரர். "முதலாளிமாரும் ஆளும் ஒரே சஹன்ல. நம்மட கடையில இப்பிடி இருத்தினா எறச்சி முழுக்க ஆள்தான் திம்பான்," என்றார்.

மாமா ஒரு பெரிய இறைச்சித் துண்டைக் காக்காவின் பக்கம் தள்ளிவிட்டார். "தின்னட்டும் முதலாளி. நடக்கிற காலுக்குத்தானே பலம் வேணும்."

எல்லோரும் சிரித்தோம். காக்காவும் சிரித்தார். ஆனால் அந்தத் துண்டை அவர் தின்னவில்லை. சோற்றுக்குள் தள்ளி மூடிவிட்டார். அதை நான் கண்டேன். பசி இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

காவின் முடியுமட்டும் என்பதுதான் பேச்சு. காவின் முடிந்தது. நான் மாமாவிடம், இனிச் சொல்லிவிடுவோமா என்று கேட்டேன். "மருதாணியாவது அழியட்டும் மச்சான்," என்றார். மருதாணி அழிந்தது. "புது மாப்புள்ள ஊட்டோட பழகட்டும்," என்றார். மாப்பிள்ளை பழகிவிட்டார். பிறகு மாரி மழை வந்தது, பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசாமல் விட்டது மாமா மட்டுமல்ல. அக்கரைப்பற்றுக்கு பஸ் இருந்தது, எனக்குக் காலும் இருந்தது.

மழை விட்ட பின் ஒரு நாள் நூல் முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் கடைப் படியேறினார். மாமா கதிரை போட்டார். முதலாளி இருந்து, தேத்தண்ணி குடித்து, வயல் வெட்டு எப்படி என்று விசாரித்த பின்தான் கதையை எடுத்தார்.

"கோவிக்கப்படா. நூல் கணக்கு இந்த முறை நீண்டு போச்சி."

"எந்த நூல்?" என்றேன்.

"ஒங்கட ஆள் எடுத்த நூல்."

எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. காக்கா பஸ் ஏறிப் போனது சும்மா இல்லை. மாதிரிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம் போல நூல் முதலாளியிடம் போய், எங்கள் கணக்கில் நூல் எடுத்து, மருதமுனையில் வேறு நெசவு வீடுகளுக்குக் கொடுத்து, தானே விற்கப் பார்த்திருக்கிறார். எங்களுக்குத் தர வேண்டியதை அந்த வருமானத்தில் தந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கலியாணத்துக்கு முன் கொஞ்சமாக எடுத்தவர், பின் நிறைய எடுத்திருக்கிறார். அந்த மாரியில் வெள்ளம் ஊர் வயல்களை அடித்துப்போட்டது. யாரும் சாரன் வாங்கவில்லை. நெய்த சரக்கு தேங்கிவிட்டது.

"அவர் இப்ப நம்மட ஆள் இல்ல முதலாளி," என்றார் மாமா.

"எப்பயிலிருந்து?"

"கலியாணத்துக்கு முந்தி."

நூல் முதலாளி கொஞ்ச நேரம் குடைப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கோபமில்லாமல் கேட்டார், "ஒரே சஹன்ல இரிந்து தின்னக்குள்ள நான் என்னண்டு நினைக்கிற? எறச்சியத் தள்ளி வெச்சி, நடக்கிற காலுக்குப் பலம் வேணும் எண்டீங்களே. அண்டைக்கு ராவு நான் ஊட்ட போய் என்ட கணக்குப்புள்ளக்கிட்ட சொன்ன, இந்தக் கடைக்கு எவ்வளவு கேட்டாலும் குடு, முதலாளிமாரும் ஆளும் ஒண்டா நிக்காங்க எண்டு."

வழக்குப் பேசும் பிறக்கிராசியிடம் போனோம். கோட்டுக்குப் பக்கத்தில் அவருடைய அறை. வயதானவர், யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுபவர். நாங்கள் எல்லாவற்றையும் சொன்னோம். சஹன் கதையையும் சொன்னோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஆளை வைச்சது ஆர்?"

"நாங்க."

"நிப்பாட்டினது?"

"நாங்கதான்."

"நிப்பாட்டினதை நூல்காரனுக்குச் சொல்ல வேண்டியது ஆர்?"

அவரே சொன்னார்: "நீங்கள் ஒருத்தனை உங்கட ஆள் எண்டு உலகத்துக்குக் காட்டினால், அவன் உங்கட பேரிலை செய்யிற வழக்கமான காரியம் உங்களைக் கட்டும். அவனோடை கொடுக்கல் வாங்கல் செய்தவனுக்கு, இனி இவன் எங்கட ஆள் இல்லை எண்டு சொல்லும்வரைக்கும் கட்டும். உங்களுக்குள்ளை நிப்பாட்டினது நூல்காரனுக்கு என்னெண்டு தெரியும்? அவன் என்ன, வானத்திலையிருந்து பாக்கிற மலக்கா?"

மாமா கேட்டார், கடையை மூடிவிட்டால் கடன் போய்விடுமா என்று. பிறக்கிராசி சிரித்தார்.

"கடைக்கெண்டு தனியாய் ஓர் உயிர் இல்லை ஐயா. கம்பனியாய்ப் பதிஞ்சிருந்தால் அது வேறை கதை. உங்கட கடை எண்டால் நீங்கள் ரெண்டு பேரும்தான். எழுத்து இருக்கோ?"

"இல்ல."

"பேர் பதிஞ்சிருக்கோ?"

"பலகையில எழுதியிரிக்கி."

"அது போதும், அவனுக்கு. எழுத்தில்லாததாலை உங்களுக்குள்ளை ஒருத்தர்மேலை ஒருத்தர் பங்குக் கணக்குக் கேக்கிறதுதான் கஷ்டம். வெளியாள் உங்கள் ரெண்டு பேரிலையும் கேக்கலாம். முழுக் கடனையும் ஆரிட்டை இருக்கோ அவரிட்டை எடுப்பான்." என் பக்கம் திரும்பினார். "உம்முடைய பேரிலை என்ன இருக்கு?"

"சைக்கிள்."

மாமா அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். "செயின் கழண்டது," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதிப் பாதி என்று நாங்கள் பேசியது லாபத்தை. நட்டம் பாதியாகப் பிரியவில்லை. சொத்து இருந்தவரின் தலையில் முழுவதும் இறங்கியது. சவளக்கடை வயல் மாமாவின் பெயரில் இருந்தது. அந்த வயலை அவர் தன் மகளுக்கு வீடு கட்டவென்று வைத்திருந்தார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் பேச்சு வந்துகொண்டிருந்த வயது.

பிறக்கிராசி இன்னொரு வழியும் சொன்னார். காக்காவின் மேல் மோசடி என்று பொலிசில் முறைப்பாடு செய்யலாம். அவரை மறியலில் அடைப்பார்கள். ஆனாலும் நூல் முதலாளியின் காசை நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அதைப் பிறகு காக்காவிடம் வழக்குப் பேசி எடுக்கலாம், அவரிடம் ஏதாவது இருந்தால்.

வெளியே வந்து ஒரு சோடாக் கடையில் நின்றோம். நான் முறைப்பாடு செய்வோம் என்றேன். எனக்கு வயலைப் பற்றிய பயம், மாமாவின் மகளை நினைத்துப் பயம். மாமா சோடாவைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"எந்தப் புள்ளட கலியாணத்துக்காக வாய மூடினமோ, அந்தப் புள்ளட மாப்புள்ளட்ட போய், ஒங்கட மாமனார் மறியல்ல எண்டு சொல்லுவமா? அப்ப நாம அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே."

முறைப்பாட்டுக் கதையை அதோடு விட்டோம்.

காக்கா ஒரு நாள் மாமாவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். மாதிரிக் கட்டைக் கொண்டு வந்து மாமாவின் முன்னால் வைத்தார். மழையில் நனைந்து சாயம் ஒன்றோடொன்று கலந்திருந்தது. வீட்டை விற்றுத் தருகிறேன் என்றார். வீடு மகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அதை அவர் விற்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மாமா அவரைக் கேட்டது ஒன்றே ஒன்று:

"நூல் எடுக்கக்குள்ள முதலாளி ஒண்டும் கேக்கல்லயா காக்கா?"

"கேட்டாரு. கடையில எல்லாம் சுகமா எண்டு."

"நீங்க என்ன சொன்ன?"

"சுகம் எண்டு."

மாமா கட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. படியில் வைத்துவிட்டுப் போனார். அதன் பின் பள்ளிவாசலில் அவர் கடைசி வரிசையில் நிற்பார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் எங்களுக்கு முன் வெளியேறிவிடுவார். கடற்கரைப் பக்கம் கருவாடு வாங்கி விற்றுச் சீவித்தார் என்று கேள்வி. இடைக்கிடை யாரிடமாவது கொஞ்சம் காசு கொடுத்தனுப்புவார். அவர் நேரே வந்ததே இல்லை.

நூல் கடனுக்கு வயல் போயிற்று. கடையும் போயிற்று. பெருநாளுக்குப் பெருநாள் உங்களுக்கெல்லாம் சட்டை தைத்துத் தந்த உங்கள் மச்சியை, மாமாவின் மகளை, நினைத்துப் பாருங்கள். அவள் தையல் மெஷினுக்கு முன்னால் அத்தனை வருஷம் ஏன் இருந்தாள் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. இரண்டு இடத்திலிருந்து பேச்சு வந்தது. வீடு எங்கே என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். அவள் கலியாணம் முடிக்கும்போது அவளோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் வயலைப் பற்றிப் பேசவே மாட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கடை மூடியபின் நான் கூலிக்குப் போனேன். எங்கே தெரியுமா? அதே நூல் முதலாளியிடம். அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மாதச் சம்பளம், என்ன வேலை, என்ன நேரம், எதில் கை வைக்கலாம், எதற்கு அவரைக் கேட்க வேண்டும் என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அது அவமானமாக இருந்தது. சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். என் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் மாமாவிடம் கொடுத்தேன். மாமா வேண்டாம் என்பார், நான் மாமியிடம் கொடுத்துவிட்டு வருவேன். வயலின் ஒரு மூலைக்குக்கூட அது காணாது.

அங்கே இருந்த காலத்தில் ஒரு விற்பனைக்காரர் வேலையை விட்டார். என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. ஏதோ மனத்தாங்கல். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கே சம்மாந்துறைப் பக்கம், நிந்தவூர்ப் பக்கம் எல்லாக் கடைகளுக்கும் போ என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"நம்மட ஆள் விலகிட்டார், நல்லபடியாத்தான் விலகினார், இனிக் கொடுக்கல் வாங்கல் இன்னாரோட எண்டு சொல்லு. மத்தத நீ கதைக்கத் தேவையில்ல."

நான் சைக்கிளில் ஏறினேன். ஒவ்வொரு கடையிலும் அதையே சொன்னேன். எல்லாக் கடைக்காரரும், அப்படியா, சரி என்றார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "நல்ல மனிசன், எங்க இரிந்தாலும் நல்லா இரிக்கட்டும்," என்றார். நிந்தவூர்ப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி நான் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் விலகினார் என்று சொல்வதும், ஏன் விலகினார் என்று சொல்வதும் வேறு வேறு காரியம். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அது தோன்றவே இல்லை. சொன்னால் அவர் மானம் போய்விடும், சொல்லாவிட்டால் காப்பாற்றலாம், இந்த இரண்டு வழிதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அக்கரைப்பற்றுக்கு ஒரு தடவை போய், காக்கா வீட்டு வேலையாக இருக்கிறார், இனி நூலுக்கு நானே வருவேன் என்று சொல்லியிருந்தால் போதும். கலியாணமும் நடந்திருக்கும், வயலும் இருந்திருக்கும். காக்காவின் கைக்கு எங்கள் பெயரில் நூலும் வந்திருக்காது. நாங்கள் மூடிவைத்த சிறு பிழை உள்ளேயே இருந்து பெரிதாகிவிட்டது.

கடைசியாக நானும் அந்த வேலையை விட்டேன். முழங்கால் வலி, பஸ்ஸில் போய்வர முடியவில்லை. முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, மறுநாள் மத்தியானம் கல்முனைச் சந்தியில் நின்றபோது ஒரு புடவைக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன, முதலாளிட்ட இருந்து விலகிட்டீங்களாமே?"

"ஆர் சொன்ன?"

"அவர்ட ஆள் நேத்து வந்தானே. நல்லபடியாத்தான் விலகினாராம், இனிக் கணக்கு வேற ஆளோட எண்டு சொல்லிட்டுப் போறான். வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அந்தச் செய்தி எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. முதலாளியின் பெயரைச் சொல்லி இனி ஒருவரும் எனக்கு ஒன்றும் தரமாட்டார்கள், ஆனால் எல்லாரும் என்னை இருக்கச் சொல்வார்கள். நான் அந்தக் கடையில் இருந்தேன். தேத்தண்ணி வந்தது. எதிரே பள்ளி வாசலில் பகல் நேர ளுஹர் தொழுகைக்குப் போகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் காக்காவும் இருந்தார், வயது போய், கருவாட்டுக் கூடையைப் படிக்கு வெளியே வைத்துவிட்டு. அவரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை எந்தக் கடையிலும் யாரும் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர். அவர் நன்மைக்கென்று நாங்கள் சொல்லவில்லை.